ஆறரை மணி வெளிச்சம்

பூவைப் படம் பிடிக்கக் காலை ஆறரை மணி வெளிச்சம்தான் நல்லது. வேலிக்கு மேலால் சாய்ந்து விழும்போது இதழின் நரம்புகூடத் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாம் வெளிறிப்போகும். மாமா தந்த பழைய போனில் இதை நானே கண்டுபிடித்தேன்.

சண்டை முடிந்து நாங்கள் விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்து ஐந்து மாதம். வீட்டின் பின்வளவில் நாங்கள் நடாத வெள்ளைப் பட்டிப்பூச் செடி ஒன்று பூத்திருந்தது. ஒருநாள் குனிந்து படமெடுத்தபோது அதன் இதழ்களில் நீர்த்துளிகள். பக்கத்துச் செவ்வரத்தை காய்ந்து நின்றது.

"பனியாக்கும்," என்றாள் அம்மா.

பனி ஒரு செடிக்கு மட்டும் பெய்யுமா? நல்ல தண்ணீர் எங்களுக்கே பவுசர் வண்டியில்தான் வரும்.

படத்தைப் பெரிதாக்கினேன். செடியின் அடியில் மண் ஒரு முழ நீளத்துக்கு மேடாயிருந்தது. ஒரு பக்கம் விழுந்த நிழல்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. மத்தியானம் போய்ப் பார்த்தேன், வெறும் தரை.

வியாழக்கிழமை பின்னேரம் அதைச் சுற்றித்தான் அப்பா கக்கூஸ் குழிக்கு நாலு முளை அடித்தார். சனிக்கிழமை தோண்டுவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, செடியடியில் ஒரு பெண் குந்தியிருந்து சோடாப் போத்தலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து போன் விழுந்துவிட்டது.

"பயப்பிடாதை பிள்ளை. நான் கனகம்மா. நீங்கள் இடம்பெயர்ந்த பிறகு நாங்கள் ஓடிவந்து இந்த வீட்டிலதான் இருந்தனாங்கள்." அவள் மண்ணைத் தடவினாள். "பிறந்து பதினொரு நாள். செல்லடிக்குள்ள சுடலைக்குக் கொண்டுபோக ஏலேல்லை."

பிறகுதான் முளைகளைக் கண்டாள். "இதென்ன முளை?"

சொன்னேன். பாதிக்குரல்தான் வந்தது.

"உன்ர அப்பாவோட நீ கதைச்சுப் பாரம்மா. நான் கேட்டால், கேக்காமல் ஏன் வளவுக்க வந்தனீ எண்டு ஏசுவார்."

வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்று மத்தியானம் அப்பாவிடம் படத்தை மட்டும் நீட்டினேன்.

"பூவைப் பிடிச்சது காணாதெண்டு இப்ப மண்ணையும் பிடிக்கிறியோ?" சிரித்தபடி வெயிலில் போய்க் காலால் தட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லையெடி."

சனிக்கிழமை ஆறரைக்குக் குழி தோண்ட அலவாங்கோடு வந்தார். நான் பட்டிப்பூவுக்கு முன்னால் இருந்துகொண்டேன்.

"எழும்படி."

"இப்ப குனிஞ்சு பாருங்கோ அப்பா. உதுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு. தாய்தான் வந்து தண்ணி ஊத்திறா."

அப்பா குனிந்தார். மேட்டின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நாலு முளைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

வேலிக் கரையில் வேறு இடம் பார்த்து முதல் முளையை ஊன்றினார். சுத்தியலை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"சுவேதினி, இஞ்ச ஒருக்கால் பார். ஏதும் தெரியுதோ?"

போனை உயர்த்தினேன். சாய்ந்த வெளிச்சத்தில் வளவு முழுவதும் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. எது வெறும் மண் என்று சொல்ல அங்கே பூ ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றவும் யாரும் வந்ததில்லை.

அப்பா முளையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.