முதுகுப் பக்கத்துப் பொத்தான்கள்

காலை எட்டு மணிக்கு ஒன்பது பெண்களும் தையற்கூடத்தின் நடுவே வட்டமாக நின்று, ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் நின்றவளின் முதுகில் ஏழு பொத்தான்களை மாட்டிவிட்டார்கள். வேலை அங்கிக்குப் பொத்தான் முதுகில்தான் இருக்க வேண்டும் என்பது மேலாளர் பார்தெலியின் சட்டம். முன்னால் இருந்தால் தைக்கிற பட்டில் மாட்டி இழுத்துவிடுமாம்.

"என்னடி லொரெதானா, கை இப்படி சில்லுனு இருக்கு? மீன் கடையில படுத்துட்டு வர்றியா?" என்றாள் நீவெஸ்.

"டிராம்ல கதவு மூடல அக்கா. நீ கொஞ்சம் ஆடாம நில்லு."

நீவெஸுக்கு ஐம்பத்து நாலு வயது. சரித்திரப் படங்களுக்குப் பெண்கள் உடுப்பு தைக்கும் இந்த ரோம் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடிக்கிறாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கணவன் வீட்டில் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகமில்லை அவள்.

அன்று முடிய வேண்டியது ஒரு வேலைக்காரியின் உடுப்பு. படத்தின் கதை இருநூறு வருடத்துக்கு முந்தைய நேப்பிள்ஸில் நடக்கிறது. மாளிகையின் உச்சியறையில் தனியாகத் தூங்குகிறவள் விடியுமுன் எழுந்து, உடுத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஓடிப்போகிறாள். வரைந்து வந்த காகிதத்தில் முதுகில் நாடா, பதினாறு துளை. முன்பக்கம் வழுவழுவென்று இருந்தது. நீவெஸ் அப்படித் தைக்கவில்லை. முன்பக்கம் கொக்கி வைத்து, அது தெரியாமல் மடிப்பு விட்டு, மடிப்போரத்தில் இலைப்பச்சை நூலில் ஒரு வரி ஓட்டியிருந்தாள். தைத்து முடித்து அவளே சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பார்தெலி வந்தார்.

"வரைஞ்சு குடுத்தது இதுவா?"

"வரைஞ்சதுதான் தப்பு சார். அவ தனியா இருக்கா. முதுகு நாடாவ யாரு கட்டிவிடுவா? சீமாட்டிக்குத்தான் முதுகுல நாடா, கட்டிவிட ஆளு இருக்கு. வேலைக்காரிக்கு ஏது வேலைக்காரி?"

"டிக்கெட் வாங்கினவன் அதையா யோசிச்சுக்கிட்டு இருப்பான்? அவனுக்கு அழகு வேணும்."

"தன் உடுப்பத் தானே மாட்டிக்கிறவ யோசிப்பா. அவளும்தான் டிக்கெட் வாங்குறா. அழகுல குறை இருந்தா காட்டுங்க, இப்பவே பிரிக்கிறேன்."

பார்தெலி உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"உடுப்ப எடுத்துட்டுப் போக வண்டி ரெண்டு மணிக்கு வரும். பிரிச்சு, சொன்னபடி முதுகுல வை."

"மாட்டேன்."

"அப்ப அங்கியக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

 கணவனுக்கு மருந்து தரும் கடைக்காரன் முகம் நீவெஸுக்கு ஒரு கணம் நினைவில் வந்து போனது. பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் ஜெயித்தது. அவள் மேலாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"கழட்டி விடுங்க."

"என்னது?"

"என் கை எட்டாது சார். முதுகுல பொத்தான் வைக்கச் சொன்னது நீங்கதானே."

பார்தெலி கூடத்தைப் பார்த்தார். "யாராவது வந்து இதக் கழட்டுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. லொரெதானா நூல் கோத்த ஊசியில் மறுபடி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கடைசியில் அவரே கையை வைத்தார். பேனா பிடித்தே பழகிய விரல்கள். முதல் பொத்தான் துளையை விட்டு வர மறுத்தது. அவர் கழுத்து சிவந்தது. இரண்டாவது பொத்தானில் இருந்தபோது வண்டிக்காரன் தொப்பியோடு உள்ளே வந்தான்.

"சார், மேகம் கூடுதாம். சீக்கிரமே படம் பிடிக்கணும்னு உடுப்ப இப்பவே கேக்குறாங்க."

பார்தெலி துணிப்பொம்மை மேல் இருந்த உடுப்பைப் பார்த்தார். பிரிக்க நேரமில்லை.

"எடுத்துட்டுப் போ."

வண்டிக்காரன் அதைப் பதமாகக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான். பச்சை வரி வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை தெரிந்து மறைந்தது. நீவெஸ் கடைசிவரை அதைப் பார்த்தாள். பின்னால் பார்தெலியின் விரல்கள் மறுபடி பொத்தான்களோடு மல்லுக்கட்டின.

"எத்தனை ஆச்சு சார்?"

"மூணு."

"இன்னும் நாலு இருக்கு" என்றாள் நீவெஸ், அசையாமல் நின்றபடி.