ஜெயகாந்தின் முழங்கால்

ஜெயகாந்த் குந்தினால் அவனுடைய இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று முட்டப் பார்க்கும். பாதங்கள் வெளியே திரும்பிக்கொள்ளும். வேறு பெண்டாட்டி என்றால் கவலைப்பட்டிருப்பாள். டிலானி சந்தோசப்பட்டாள். சோதனைக்கு இதைவிடத் தோதான ஆள் மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

டவுன் ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் அவள். உடம்பின் பிழையான அசைவுகளைக் கண்டுபிடித்துத் திருத்துகிற பயிற்சியாளருக்கான சான்றிதழ் ஒன்றுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். மீன் அவியும்போதும் தசைகளின் பெயர்களை முணுமுணுத்தாள். தேவாலயப் பூசையில் ஆட்கள் முழங்காலிலிருந்து எழும்பும்போது யாருடைய இடுப்பு சரிகிறது என்று பார்த்து, செபத்தைக் கோட்டை விட்டாள். எழுத்துச் சோதனை ஒருவழியாக முடிந்திருந்தது. இனிச் செய்முறை. கொழும்பிலிருந்து பரீட்சகர் வீடியோவில் பார்த்திருக்க, ஒருவரைக் குந்தி எழும்ப வைத்து, அவரிடமுள்ள பிழையைச் சொல்லித் திருத்திக் காட்டவேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவேண்டும்.

"நீங்கள் ஒண்டும் பழகவேண்டாம். வழமையாக் குந்திறமாதிரிக் குந்தினாக் காணும்," என்று புருசனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் ஓம் ஓம் என்று தலையாட்டினான்.

சோதனையன்று பின்னேரம் ஓலைத்தொடுவாயிலுள்ள தங்கள் வீட்டு விறாந்தையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் போனை நிமிர்த்தி வைத்தாள். பரீட்சகர் அம்மா திரையில் வந்தார். ஜெயகாந்த் கைகளை மேலே தூக்கிக் குந்தினான். முழங்கால்கள் நேராக நின்றன. பாதம் அசையவில்லை. இன்னொருக்கால் குந்தச் சொன்னாள். முதல்தரத்தைவிட நன்றாகக் குந்தினான், பாவி.

என்ன பிழை தெரிகிறது என்று பரீட்சகர் ஆங்கிலத்தில் கேட்டார். டிலானி புருசன் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா செய்யிறியள்?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"முழங்காலுக்கு நடுவில மண்ணெண்ணெய்க் கானை வைச்சுக் கடற்கரையில பழகினனான். என்ர கூட்டாளி கஜீபன்தான் கானைப் பிடிச்சவன். கொழும்பு ஆக்களுக்கு முன்னால உன்ர மானத்தை வாங்குவனோ?"

மானம்! இந்த மனுசனை அப்படியே தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு. முழங்கால் உள்ளே போகிறது என்று பொய் சொல்லலாம்தான். பரீட்சகருக்குக் கண் இருக்கிறதே. கானை வைத்துப் பழக முடியாதது எது என்று அவசர அவசரமாக யோசித்தாள்.

"இப்ப ஒற்றைக் காலில நிண்டு குந்துங்கோ."

"அது நான் பழகேல்லையே!"

"குந்துங்கோ எண்டாக் குந்துங்கோ!"

குந்தினான். முழங்கால் சடாரென்று உள்ளே மடிந்தது, ஆளும் ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்தான். ஒரு முழங்கால் மேல் டிலானிக்கு அவ்வளவு ஆசை அதற்கு முன் வந்ததே இல்லை. இடுப்புப் பக்கத் தசை பலவீனம், உள் தொடை இறுக்கம் என்று மளமளவென்று சொன்னாள். அவனைச் சரித்துப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பயிற்சி செய்யவும் வைத்தாள். பரீட்சகர் சிரித்தபடி, சோதனையில் சித்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயகாந்த் முகம் கறுத்துப்போய்ச் சீமெந்துத் தரையில் இருந்தான். "கடைசியில நான் கவிழ்த்துப்போட்டன், என்ன?"

"நீங்கள் கவிழ்த்தபடியாத்தான் நான் பாஸ்."

"பிழை விட்டாத்தான் பாஸோ? உது என்ன சோதினையடி!"

அப்போதுதான் கண்டாள். இரண்டு முழங்கால்களின் உட்பக்கமும் கான் உரசித் தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. எத்தனை நாள் பழகினானோ. அவளுக்குக் கோபம் ஆறவில்லை, அழுகையும் வந்தது. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, அந்தப் புண்ணில் பூசினாள், கொஞ்சம் அழுத்தியே.