ஈரத்தின் மேல் வெள்ளை

வெல்டர் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் குத்தினான். அலமாரிக்கு இரும்புச் சட்டம் அடிக்க ஒரு குறி போடத்தான் குத்தினான். அது பிடிவரை உள்ளே போய்விட்டது. உருவியபோது இரும்பு முழுக்க ஊறிப்போன டீத்தூள் மாதிரி எதையோ பூசிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தான். கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து. அதுவும் போனது. மூன்றாவது குத்துக்கு அவன் கையை ஓங்கவே இல்லை, கட்டைவிரலால் அழுத்தினான், சுவர் வழிவிட்டது.

"பாப்பா, இங்க வா," என்றான்.

அவன் தங்கை தையல்காரி. வண்டியின் வாசற்படியில் உட்கார்ந்து மெத்தை உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குரல் இப்படித் தாழ்ந்தால் அடுத்து யாருக்கோ அடி விழப்போகிறது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

வெல்டிங் ஷெட்டுக்குப் பின்னால் நின்ற அந்த வண்டிதான் இனி அவர்களுடைய வீடு. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டார் ஹோம். எத்தனை கை மாறியதோ தெரியாது, கூரை ஒழுகும்போதெல்லாம் ஒவ்வொரு சொந்தக்காரனும் மேலே ஒரு தார் ஷீட் ஒட்டிவிட்டு அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறான். அத்தனை பேருடைய சோம்பேறித்தனமும் அடுக்கடுக்காகக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வலதுபக்கச் சுவர் சொதசொதத்துப் போயிருந்ததால் அதைப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் தகரம்தான் நின்றது. கூரை இறங்காமல் இருக்க ஜாக்கியின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி முட்டுக் கொடுத்திருந்தார்கள். பாரம் மொத்தத்தையும் தாங்கியது இடதுபக்கம். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. முதன்முதலாக வண்டியைப் பார்க்க வந்த அன்று அவள் அந்தச் சுவரில்தான் உள்ளங்கையை வைத்தாள். வழவழவென்று, குளிர்ச்சியாக, கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. "சரி, இதுலயே இருந்துக்கலாம்" என்று அவள் வாயால் சொன்னது அந்தச் சுவரை நம்பித்தான். வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அங்கே வேறு குடும்பம் பால் காய்ச்சிக்கூட முடித்துவிட்டது. அவளுடைய தையல் மெஷினும் பாத்திர மூட்டைகளும் அண்ணனின் ஷெட்டில், கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே கிடந்தன.

இப்போது அதே வெள்ளையில் மூன்று கறுப்புத் துளைகள். ஒன்றிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்தது.

வெளியே ஜன்னல் ஓரத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன், பெயிண்டர், சத்தம் கேட்டு உள்ளே வந்தான். துளைகளைப் பார்த்தான். அவற்றைப் பார்க்காத மாதிரி ஜன்னலையும் பார்த்தான்.

"மாப்ள, இந்தச் செவத்துக்கு எத்தன கோட்டு அடிச்ச?"

"ரெண்டு. ஏன் மச்சான்?"

"ரெண்டே கோட்டுல ஒரு செவத்த நிக்க வச்சிருக்கியே. பெரிய ஆளுதான் நீ. சிமெண்டு கம்பெனிக்காரன்லாம் இனிமே கடையச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான்."

"இந்தப் பக்கத்த இப்பத் தொடாதீங்க மச்சான். வலதுபக்கத்த மூடாம இதப் பிரிக்கக் கூடாது. கூரை எறங்கிரும்."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த மாதிரி வண்டிக்கு எலும்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. உள் பலகையும் வெளித் தகரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஒரு பக்கத்தை மூடிய பிறகுதான் மறுபக்கத்தைத் திறக்கவேண்டும். ஆனால் சரியான பேச்சைத் தப்பான நேரத்தில் பேசினால் அது ஒளிந்துகொள்கிற பேச்சு மாதிரிதான் கேட்கும். அதுவும் அண்ணன் இரும்போடு வளர்ந்தவன். இற்றுப்போனதைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பேசுவான்.

அவன் சின்னக் கடப்பாரையை எடுத்துத் துளையில் கொடுத்து நெம்பினான். பலகை உடையவில்லை, கிழிந்தது. பெயிண்ட் தனியாகத் தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் பழுப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. அவன் மறுபடி குத்தினான். மறுபடி இழுத்தான். அவன் மூச்சில் ஒரு சந்தோஷம் இருந்ததை அவள் கவனித்தாள். தேங்கியிருந்த தண்ணீர் அவன் முழங்கை வழியாகத் தரையில் கொட்டியது. உள்ளே மரச்சட்டங்கள் இருந்த இடத்தில் மரச்சட்டங்களின் வடிவத்தில் சேறு நின்றது. தொட்டதும் அதுவும் உட்கார்ந்துவிட்டது. காலடியில் பூரான்கள் சிதறி ஓடின. அண்ணன் ஓடுகிறவற்றை விடாமல் மிதித்தான். தலைக்கு மேலே எங்கேயோ ஒரு ஆணி முனகியது.

"அண்ணா, போதும்."

"இரு பாப்பா. உன் வீட்டுக்காரரு கட்டின மாளிகைய முழுசாப் பாத்துரலாம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க அடிக்கும்போது இந்தக் கறை தெரிஞ்சுதா?"

பெயிண்டர் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினான்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"காஞ்சிரும்னு நெனச்சேன்."

வேறு எவன் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். ஈரச் சுவரில் பிரஷ் வைக்கமாட்டேன் என்று வேலை கொடுத்தவர்களிடமே சண்டை போட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் அவன். அப்படி வந்த நாட்களில் அவள் தைத்த ஜாக்கெட்டுகள்தான் அடுப்பைப் பற்றவைத்தன. அந்த வீம்புக்காகத்தான் அவனைப் பிடித்தும் இருந்தது. தொழில் வாழ்க்கையிலேயே அவன் ஈரத்தின் மேல் அடித்த ஒரே சுவர் அவளுக்காக அடித்தது.

அண்ணன் கடப்பாரையைக் கீழே போட்டான். போட்ட கை அப்படியே மேலே வந்து பெயிண்டரின் வாயில் இறங்கியது.

பச்சைக் கட்டை முறிகிற சத்தம். பெயிண்டர் அடுப்பு மேடையில் மோதி, நிமிர்ந்து, பல்லோடு ரத்தத்தைத் துப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மச்சானின் வயிற்றில் பாய்ந்தான். ஒல்லிதான், ஆனால் ஏணியில் தொங்கித் தொங்கி இறுகிய உடம்பு. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வலதுபக்கம் சாய்ந்தார்கள். யாருடைய தோள் பட்டதோ, முட்டுக் கட்டை பெயர்ந்தது. ஜாக்கி உருண்டு வாசற்படி வழியாக வெளியே விழுந்தது.

கூரை இறங்கியது. தடாலென்று விழவில்லை. கிழவன் உட்காருவது மாதிரி முக்கி முனகிக்கொண்டு இறங்கியது. யோசிக்க நேரமில்லை, வாசலுக்குள் நின்ற தையல்காரி கூரையின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். முழங்கால் மடங்கியது. நிமிர்த்தினாள். சட்டத்திலிருந்த ஆணி ஜாக்கெட்டைக் கிழித்துத் தோளுக்குள் போனது. சூடாக ஒன்று முதுகில் ஓடியது. அத்தனை சொந்தக்காரர்களின் தார் ஷீட்டும் இப்போது அவள் கழுத்தின் மேல்.

"ஏங்க. அண்ணா. கூரைய நான் பிடிச்சிருக்கேன். வந்து முட்டுக் குடுங்க."

இரண்டு பேரும் பார்த்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. அண்ணன் நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு, அவள்தான் பிடித்திருக்கிறாளே என்பதுபோல், பெயிண்டரின் கழுத்தைத் தரையோடு அழுத்தினான்.

"எந்தங்கச்சிய சாக்கடைல குடிவைக்கப் பாத்தியாடா? பொறுக்கி நாயே."

பெயிண்டர் கையில் அகப்பட்ட பலகைத் துண்டால் அவன் காதில் அடித்தான். பலகை நசுங்கிப் பிசுபிசுத்தது. அடுத்ததில் ஆணி இருந்தது. அது கன்னத்தைக் கிழித்தது. பிடி தளர்ந்ததும் பெயிண்டர் இருமிக்கொண்டே கத்தினான்: "உனக்கும் தெரியும்டா. படி வெல்டு அடிச்ச அன்னிக்கே வெளித்தகரத்தத் தட்டிப் பாத்த. என்னப் பாத்துச் சிரிச்ச. சொன்னியா அவகிட்ட?"

அண்ணன் கை ஒரு நொடி நின்றது.

"அண்ணா," என்றாள் அவள். பேசினால் மூச்சு போய்விடும் போலிருந்தது. "தெரியுமா?"

"நீ இவன் லட்சணத்தக் கண்ணால பாக்கணும்னுதான் இருந்தேன் பாப்பா. நான் வாயால சொன்னா நீ என்னிக்கு நம்பியிருக்க?"

"அன்னிக்கு நான் வீட்டக் காலி பண்ணியிருக்கல."

அண்ணன் கையை முறுக்கிக்கொண்டு பெயிண்டரின் விலாவில் குத்தினான். பெயிண்டர் அவன் கட்டைவிரலைக் கடித்தான். கடித்த பல் விடவே இல்லை. இருவரும் சேற்றிலும் பூரானிலும் புரண்டார்கள். அவளுக்குத் தோள் மரத்துக்கொண்டு வந்தது. புருஷன் அவளுக்காக ஒளித்தானாம். அண்ணன் அவளுக்காக ஒளித்தானாம். இதோ இந்தச் சண்டையும் அவளுக்காகத்தான் நடக்கிறது. அவளுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"நான் விடப்போறேன்," என்றாள். கடைக்காரனிடம் பாக்கியைக் கொடு, கிளம்புகிறேன் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

யாரும் திரும்பவில்லை.

ஆணியிலிருந்து தோளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு பின்னால் ஒரு எட்டு வைத்தாள். வாசலுக்கு வெளியே மண்ணில் மல்லாந்து விழுந்தாள். கூரை இப்போது தடாலென்றுதான் விழுந்தது. ஜன்னல்கள் ஒன்றாக வெடித்தன. இடதுபக்கத் தகரம் வெளிப்புறமாகப் பிதுங்கிக் கிழிந்தது. தூசி அடங்கியபோது தெருமுனையில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

படுக்கைப் பெட்டிதான் கூரையைத் தரையோடு ஒட்டவிடாமல் பிடித்திருந்தது. அடியில் இருட்டு. இருட்டிலிருந்து இரண்டு இருமல்கள்.

"பாப்பா... கால் மாட்டிக்கிச்சு. தூக்கு."

"இங்க பாரும்மா, மூச்சு முட்டுது. ஜாக்கி எங்க?"

அவள் எழுந்தாள். கிழிந்த ஜாக்கெட்டைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மண்ணில் கிடந்த ஜாக்கியை இழுத்துவந்து, கூரை ஓரத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்து அதற்கு அடியில் நிறுத்தினாள். கம்பியைச் செருகி ஒற்றைக் கையால் அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் வலி பிடரிவரை போய் வந்தது. கூரை விரல் அகலம் எழும்பியது. இன்னொரு விரல். இடுக்கில் வெளிச்சம் போனது.

இடுக்கு வழியாக இரண்டு கைகள் வெளியே வந்தன. இரண்டிலும் முழங்கைவரை கறுப்புச் சேறு, சேற்றுக்கு மேல் ரத்தம். எது யாருடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டும் மண்ணைத் தடவின. தடவிக்கொண்டே போய் ஒன்றையொன்று தொட்டன. தொட்டதும் இரண்டும் அசையாமல் நின்றன. பிறகு ஒரு கை மற்றதன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, மெதுவாகப் பின்பக்கம் மடக்க ஆரம்பித்தது.

அவள் ஜாக்கிக் கம்பியை மேலே தூக்கியபடி நிறுத்தினாள். கூரை அதற்கு மேல் எழும்பவில்லை.