முன்னாடி ஏத்துங்க

ஆகாயக் கப்பல் பட்டறையில் காற்றடிக்கிற வேலை பார்ப்பதால் 'பம்பு அக்கா' என்று பேர் வாங்கியவளின் கணவர், ஒரு புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தரையை விட்டு எழும்பி, குளியலறைக் கூரையில் முதுகு இடிக்கக் குப்புறக் கிடந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர், பொறுமைசாலி. வாயில் நுரையோடு துண்டு கேட்டார், அக்கா எக்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த டாக்டர் எடை பார்க்கும் கருவியைத் தலைகீழாகக் கூரையில் வைத்து அழுத்தி, எடை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றேகால் கிலோ என்று எழுதினார். கூடவே சத்து மாத்திரையும் எழுதினார்.

அக்காவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. இருபத்துநாலு வருடமாக அவள் பார்க்கிற வேலை இதுதானே. கப்பலின் பெரிய உறைக்குள் லேசான வாயு. அதற்குள்ளேயே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு காற்றுப் பைகள். முன் பையில் வெளிக்காற்றை அடித்தால் கனத்து மூக்கு தாழும், பின் பையில் அடித்தால் வால் தாழும், இரண்டிலும் அடித்தால் கப்பல் சமர்த்தாகக் கீழே வரும். காற்றுக்கு ஏது கனம் என்று கேட்கிறவர்களோடு அவள் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்காரரின் நெஞ்சு முன் பை, வயிறு பின் பை என்று அன்றைக்கே புரிந்துகொண்டாள். அவரிடம்தான் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை; கேட்காதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு அவளுக்கு.

சனிக்கிழமை, அவர் கூரையோடு மிதந்தபடி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த மாடியறையைப் பெருக்கியவள் ஜன்னலைச் சாத்த மறந்தாள். ஒரு வீச்சுக் காற்றில் மனுஷன் கையில் பூதக்கண்ணாடியோடு வெளியே போய்விட்டார். தெருவைத் தாண்டினால் கடல். அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். வீம்பு போன இடம் தெரியவில்லை. பட்டறையில் கத்துகிற பழக்கத்தில், "ஏங்க, முன்னாடி ஏத்துங்க! முன்னாடி ஏத்துங்க!" என்று கத்தினாள். பட்டறையில் ஏத்து என்றால் காற்றடி. மற்ற எல்லோருக்கும் ஏத்து என்றால் தூக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சை உடனே கேட்டு, அவர் தலையைத் தூக்கி, "சரிம்மா!" என்று அடிவயிற்றிலிருந்து கூவினார். இருந்த காற்றும் போய், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஜிவ்வென்று ஏறினார். தெருவே சேர்ந்துகொண்டு "ஏத்துங்க! ஏத்துங்க!" என்றது. ஒவ்வொரு தடவையும் மரியாதைக்கு ஒரு "சரி" சொல்லி, மேலும் மேலும் ஏறினார்.

அவர் புறா அளவுக்குச் சின்னதானபோது அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். இந்த மனுஷன் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அழுதாள். அழும்போதுதான், அவர் பதில் கத்திக் கத்தியே காற்றை விடுகிறார் என்று உறைத்தது. எழுந்து கூட்டத்தை அதட்டி அடக்கினாள்.

"பதில் பேசாதீங்க! வாய மூடிட்டு மூச்ச உள்ள இழுங்க! மொதல்ல நெஞ்சுக்கு, அப்புறம் வயித்துக்கு!"

மூக்கு தாழ்ந்தது, பிறகு கால் தாழ்ந்தது. கன்னம் உப்ப, கண் பிதுங்க, காய்கறிக் கடையின் முட்டைக்கோஸ் குவியலில் வந்து இறங்கினார். அக்கா ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்துன்னா எறங்கறதா? நீ அங்க என்னதான்மா வேலை பாக்கற?" என்றார். கேட்ட வேகத்தில் அரையடி எழும்பினார்.

இருபத்துநாலு வருடம் கழித்து வந்த கேள்வி. அக்கா காலரை விடாமலே சொல்ல ஆரம்பித்தாள். பதில் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

இப்போது அவர் தன் கடிகாரக் கடைக்கு ஆகாய வழியாகவே போய்வருகிறார். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், முன் பை எப்படி, பின் பை எப்படி என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கேட்கக் கேட்கக் காற்று தீர்ந்து மேலே போய்விடுகிறார். அக்கா காலைப் பிடித்து இறக்கி உட்காரவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்கிறாள்.