மூச்சுத் தெரியாத காட்சி

மேடையில் அக்குழந்தைக்கு உருவம் இல்லை. நாற்பது பேர் கொண்ட பாடற்குழு நான்கு மணி நேரம் அகவலும் கலியுமாகப் பாடி அழுத அந்நாடகத்தில், இறந்த சிறுமி இருக்கவேண்டிய இடத்தில் தரைமீது ஒரு வெளிச்ச வட்டம் மட்டுமே விழும். எவரும் அதை மிதிப்பதில்லை. தாயாக நடித்தவள் அதன் விளிம்பில் அமர்ந்து தலை பின்னிவிடுவாள். விரல்களுக்கிடையே ஒன்றும் இராது.

வந்தநாள் அறியேம்; போனநாள் அறியேம்;
இருந்த இடமே இன்னும் சுடுமே

என்று குழு ஒரே குரலில் இறங்கும்போது அரங்கில் இருமல் ஒலிகூட எழுந்ததில்லை.

நாடகாசிரியர் அதைத் தம் தங்கையின் மகளுக்காக எழுதினார். ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். குட்டி என்பது வீட்டில் அழைத்த பெயர். எழுதியதை முதன்முதலில் தங்கையிடம்தான் படித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "போடுண்ணா. ஆனா ஒன்னு. குட்டின்னு சொல்லி யாரையும் கொண்டுவந்து நிறுத்தாதே" என்றாள். வட்டம் பிறந்தது அந்தச் சொல்லிலிருந்துதான்.

அதனைக் குறுந்தொடராக்க வந்த இயக்குநருக்கு எல்லாமே பிடித்திருந்தது, வட்டத்தைத் தவிர.

"சார், நாலு மணி நேரத்த ஆறு எபிசோடா நறுக்கிட்டேன். நாப்பது பேரையும் வெச்சுக்கிட்டேன். பாட்டுல ஒரு வரி கூட வெட்டல. கம்பெனியில என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க" என்றாள் அவள். "ஆனா வட்டத்துக்கு எப்படி சார் க்ளோசப் வைக்கறது? மேக்கப் செலவு மிச்சம்னு வேணா சொல்லலாம்."

"அது சிரிக்கற விஷயம் இல்லம்மா."

"தெரியும் சார். அதனாலதான் சிரிச்சுக்கிட்டே சொல்றேன். குழந்தை இல்லேன்னா தொடரே இல்லேன்னு சொல்லிட்டாங்க."

ஊர் ஊராய் அவர் சுமந்து திரிந்தும் சில ஆயிரம் காதுகளையே எட்டிய பாட்டு. அது வீடுதோறும் ஒலிக்கப் போகிறதென்னும் ஆசை, உறுதியாய் நின்ற மனத்தைக் கரையான்போல் அரித்தது. ஒப்புக்கொண்டார்.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். அவர் சென்றபோது ஒரு வில்லையை விளக்கின்முன் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனை வயசுப் பொண்ணு?"

"ஆறு."

"கடைசி காட்சியும் உண்டா? ஆஸ்பத்திரி?"

"உண்டு. நீ வேண்டாம்னு சொன்னா..."

"நான் வேண்டாம்னு சொல்லித்தானே இவ்வளவு நாள் வட்டம் இருந்தது. இப்ப கேக்கறதுக்கா வந்தே? சொல்லிட்டுப் போகத்தானே வந்தே?" வில்லையைத் துணியில் துடைத்தாள். "சரி. அன்னைக்கு நானும் வரேன்."

அவள் அழுதிருந்தால் அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

படப்பிடிப்பு அரங்கில் மருத்துவமனை அறையொன்றை மரப்பலகையால் எழுப்பியிருந்தார்கள். கட்டில், சீசா, சுவரில் வெளிர்பச்சை. நடிக்க வந்த சிறுமியை எல்லோரும் சுண்டெலி என்றே கூப்பிட்டார்கள். அவள் கட்டிலில் ஏறியதும் கேட்ட முதற்கேள்வி, "செத்தா மூக்கு சொறியலாமா?"

"ஒரு நிமிஷம் சொறியாம செத்துரு தங்கம். அப்புறம் உனக்கு ஐஸ்கிரீம்" என்றாள் இயக்குநர்.

தங்கை முன்சென்று போர்வையைச் சிறுமியின் தோள்வரை இழுத்துவிட்டு, குனிந்து, நெற்றி முடியை ஒதுக்கினாள். பிறகு மானிட்டர் அருகே வந்து உட்கார்ந்தாள்.

கேமரா முகத்திலிருந்து மார்புக்கு மெல்ல இறங்கியது. போர்வை ஏறி இறங்கியது.

"கட். மூச்சு தெரியுது. பிடிச்சுக்கோடா செல்லம்."

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் 'கட்' என்றதும் சிறுமி எழுந்து உட்கார்ந்தாள். தங்கை போய்ப் போர்வையைச் சரிசெய்தாள். குழந்தை செத்தாள், எழுந்தாள், செத்தாள், எழுந்தாள். ஒளிப்பதிவாளர் நெற்றியைத் துடைத்தார். காலையில் ஒத்திகையில் கல்லாய்க் கிடந்த பிள்ளைக்கு இப்போது என்ன வந்ததென்று யாருக்கும் விளங்கவில்லை.

இயக்குநர் கட்டிலருகே மண்டியிட்டாள். "என்னடா, மூச்சுப் பிடிக்க முடியலையா?"

"முடியும். அந்த ஆன்ட்டிதான் விடு, விடுன்னு சொன்னாங்க."

அரங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தங்கை மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தாள்.

"நான் ஒன்னும் கெடுதல் சொல்லலையே," என்றாள். "குழந்தையைப் பார்த்து மூச்சு விடாதேன்னு இத்தனை பேர் சொல்றீங்க. ஒருத்தி விடுன்னு சொல்லக்கூடாதா?"

இயக்குநர் நாடகாசிரியரின் காதருகே, "சார், கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். அவர் எழுந்தார், தங்கை ஏறிட்டுப் பார்த்தாள், அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் சிறுமி களைத்து உண்மையாகவே உறங்கிப்போனாள். உதடு சற்றே பிரிந்து, இமை தளர்ந்து, எந்த நடிப்பும் எட்டமுடியாத முகம். இயக்குநர் விரலால் சைகை காட்ட, கேமரா ஓசையின்றி ஓடியது.

"இதுதான் ஷாட்," என்றாள் மெதுவாக. "மூச்ச கம்ப்யூட்டர்ல நிறுத்திக்கலாம்."

"எங்க நிறுத்துவாங்க?" என்று தங்கை கேட்டாள். "எடிட்டிங் ரூம்லதான்" என்றாள் இயக்குநர். "அப்ப அங்கயும் நான் வரணும்."

படத்தொகுப்பு அறை சிறியது. எடிட்டர், நாடகாசிரியர், பின்னால் தங்கை, மூவருக்கே இடம். திரையில் உறங்கும் குழந்தை. பாடற்குழுவின் குரல்கள் தனித்தடத்தில் காத்திருந்தன. மூச்சு நிற்கும் கணத்தில் அவை எழவேண்டும்.

"ரெண்டு இடம் இருக்கு சார்," என்றார் எடிட்டர். "மூச்சு உள்ள இழுத்தப்ப நிறுத்தலாம். இல்ல, வெளிய விட்டப்ப."

"உள்ள இருக்கும்போதே நிறுத்துங்க தம்பி" என்றாள் தங்கை.

"நெஞ்சு தூக்கி இருக்கும்க்கா. தூங்கற மாதிரிதான் தெரியும்."

"தெரியட்டும்."

எடிட்டர் நாடகாசிரியரைப் பார்த்தார். "சார், நீங்க சொன்னா சரி."

வட்டம் போனபின் தங்கை அவரிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அவர் அதை அறிந்திருந்தார். உறங்கும் குழந்தையின்மேல் நாற்பது பேர் ஒப்பாரி வைத்தால் அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் நிற்காதென்பதையும் அறிந்திருந்தார். உயிர் போன உடம்பின்மேல் பாடப்படுவதே கையறுநிலை. அவருடைய வாழ்நாளில் பழுதின்றி வாய்த்த பாட்டு அது ஒன்றே.

"வெளிய விட்ட அப்புறம்" என்றார்.

எடிட்டர் விசையை அழுத்தினார். சிறிய மார்பு தாழ்ந்தது. தாழ்ந்த இடத்திலேயே நின்றது.

தங்கை நெடுநேரம் அதைப் பார்த்தாள். அவள் குரலில் சினம் இல்லை.

"அன்னைக்கும் டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீதான் சொன்னே, முடிஞ்சிடுச்சுன்னு. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் சூடு இருந்தது." கதவைத் திறந்தாள். "இன்னைக்கும் நீயே சொல்லிட்டே. வீட்டுப் பக்கம் வராதேண்ணா."

காலடி ஓசை தேயும்வரை எடிட்டர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "பாட்டு எங்கேருந்து சார் ஆரம்பிக்கணும்?" என்றார்.

நாடகாசிரியர் திரையில் அசையாதிருந்த மார்பை விரலால் காட்டினார்.