ரொட்டிக்கடைக்காரர் காத்திருந்த கதை

எங்கள் தெருவில் நடப்பதைத்தான் சித்தி கதையாக எழுதுவாள். ஞாயிறுதோறும் பத்திரிகையில் வரும். பெயர் இருக்காது, தொழிலை மாற்றியிருப்பாள், இருந்தாலும் தெருவே படித்துவிட்டு, "இது நீதானே?" என்று ஒருவரையொருவர் நோண்டும். அதனால் சித்தியின் தையல்கடைக்குள் வந்ததும் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் அங்கே பொத்தான் தைக்கிறேன். சித்தியின் கிறுக்கலைத் திருத்தமாகப் படியெடுப்பதும் நான்தான்.

திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கோட்டு தைக்க வந்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. இவகிட்ட அளவு குடுக்கறேன்."

"என் கடையிலேர்ந்து என்னையே துரத்தறியா?" சித்தி சிரித்துக்கொண்டே போனாள்.

"நீதான் வாயே திறக்க மாட்டியே," என்றாள் அவள் என்னிடம். கோட்டுக்குள் வெளியே தெரியாமல் ஒரு பை வேண்டும். வியாழக்கிழமை கிளம்புகிறாள், திரும்ப மாட்டாள். கூடப் படித்தவள் ஒருத்தி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், நீலக் கதவு வீட்டில் இருக்கிறாள். முழங்கைக்கு மேல் நாடாவைச் சுற்றியபோது வலியில் கையை இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை சித்தி நான்கு பக்கம் நீட்டினாள். ரொட்டிக்கடை பூக்கடையாகியிருந்தது. ரயில்வே கேட்டும் நீலக் கதவும் அப்படியே இருந்தன. சித்தி எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. முதல் பக்கத்தோடு பேனாவை மூடினேன்.

"என்னடி?"

"கை வரல சித்தி."

"கை வரலையா, மனசு வரலையா? நான் என்ன பேரா போட்டிருக்கேன்?"

மீதியை அவளே படியெடுத்து உறையில் போட்டாள். வெள்ளிக்கிழமைதான் அனுப்புவது வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். மாவு ஒட்டிய கையை மேஜைமேல் ஊன்றினார்.

"அவ எங்க போனான்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எப்படியும் ஞாயித்துக்கிழமை கதையில வந்துரும்ல? படிச்சுக்கறேன்."

அவர் போனபின் சித்தி மிஷினை விட்டு எழுந்தாள். உறையை எடுத்தாள். காகிதம் பட்டால் முனை மழுங்கும் என்று என்னைத் தொடவே விடாத துணிக் கத்தரிக்கோலால் அதைத் துண்டு துண்டாக வெட்டினாள்.

மத்தியானம் பத்திரிகையிலிருந்து போன்.

"கதை எங்கேம்மா?"

"இந்த வாரம் எங்க தெருவுல ஒண்ணும் நடக்கல சார்."

"இருபது வருஷத்துல இப்படி ஒரு வாரமா?"

"எனக்கே ஆச்சரியமாத்தான் சார் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் அதையும் விடாமல் படித்தாராம்.