மகள் பார்த்த முகம்

எங்கள் மகள் சிட்டுவுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. அதற்கு மேல், பள்ளிக்குத் தயார் செய்யும் ஆயத்த வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். அதில் சேர்வதற்கான முதல் மதிப்பீட்டின்போது அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, காலணிப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட பெயர் காதில் ஏறவே இல்லை. இன்று இரண்டாவது மதிப்பீடு. இதுதான் கடைசி வாய்ப்பும்.

இடைப்பட்ட எட்டு மாதமும் என் மனைவிக்கு இதுவேதான் வேலை. சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். உட்கார், காத்திரு, என்னைப் போலச் செய், சொன்னதை எடுத்துக் கொடு.

"உங்க வீட்டு ரத்தம்ங்க. சொன்ன உடனே எழுந்து ஒரு வேலை செஞ்சதா சரித்திரமே இல்ல," என்று என்னைச் சீண்டுவாள்.

"பிடிவாதம் மட்டும் உங்க வீட்டுச் சீதனம்," என்பேன்.

ஒரு மாலை அவள் சமையலறைக்கு ஓடி வந்தாள். "கவனிச்சீங்களா? இப்பல்லாம் என் முகத்தையே பார்க்குறா."

சிட்டு அதுவரை யார் முகத்தையும் நிலைத்துப் பார்த்ததில்லை. அன்று இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியே அழுதோம்.

இன்று மதிப்பீடு செய்யும் தெரபிஸ்ட் சிட்டுவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் என் மனைவி. கதவோரம் நான்.

"மூக்கைத் தொடு." தொட்டாள். "கப்பை எடுத்துக் குடு." கொடுத்தாள். தாளில் டிக் விழ விழ, நான் மனசுக்குள் ஸ்கூல் பையே வாங்கிவிட்டேன்.

பிறகு மூன்று படங்களை வைத்து, "நாய் எங்கே?" என்றார். சிட்டுவின் விரல் பூனைக்குப் போய் நின்றது. கண்கள் மேலே வந்தன, தெரபிஸ்டின் தோளைத் தாண்டி அம்மாவின் முகத்துக்கு. விரல் பந்துக்கு நகர்ந்தது. மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். விரல் நாய்க்கு வந்தபோது என் மனைவியின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. விரல் படத்தில் இறங்கியது.

புருவம் உயர்ந்தது என் மனைவிக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரபிஸ்ட் கண்ணில் படக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் பேனாவை மூடினார். "அம்மா, ஒரு பத்து நிமிஷம் வெளிய இருக்கீங்களா?"

"ஏன் மேடம்? நல்லாத்தானே பண்றா?"

"நல்லாத்தான் பண்றா. தனியா பண்றாளான்னு பார்க்கணும்."

கதவு மூடிக்கொண்டது. "மூக்கைத் தொடு," என்றார் தெரபிஸ்ட். சிட்டு காலி நாற்காலியைப் பார்த்தாள். கை எழும்பியது. நெற்றி, காது, தலைமுடி என்று அலைந்தது. எங்கே நிற்பது என்று சொல்ல யாருமில்லை. கடைசியில் மடியில் விழுந்தது.

மனைவியை உள்ளே கூப்பிட்டுத் தெரபிஸ்ட் மெதுவாகச் சொன்னார். "அவ கேள்வியைப் புரிஞ்சுக்கலைம்மா. உங்க முகத்தைப் படிக்கிறா."

"என்ன சொல்றீங்க?"

"உன் புருவம்," என்றேன் நான்.

அவள் கை நெற்றிக்குப் போனது. "நானா? சத்தியமா நான் எதுவும் பண்ணலைங்க!"

"தெரிஞ்சு பண்ணலைம்மா. வீட்ல சொல்லிக் குடுக்குற நிறைய பேருக்கு இது நடக்கும். உட்கார்றா, காத்திருக்கா. அது உங்க உழைப்பு. மத்ததெல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இந்த வருஷம் வகுப்புல சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் குடுக்க முடியாது."

"அடுத்த வருஷம்?"

"வயசு தாண்டிடுமேம்மா." அவர் தாளைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "இனிமே அப்பா சொல்லிக் குடுக்கட்டும். அந்த நேரத்துல நீங்க முகத்தைக் காட்டாதீங்க."

பேருந்தில் என் மனைவி, "அப்போ, அன்னைக்கெல்லாம் என்னைப் பார்த்தது?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலை நான் சின்ன மேசைக்கு முன்னால் சிட்டுவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சிட்டு, கப்பை எடு."

சிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேராக அம்மாவிடம் போய், இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

என் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்னங்க, இவளைக் கூட்டிட்டுப் போங்க."

அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.